புது பேட்டரி போட்ட பிறகும் 'டக் டக்' என்றால், செல்ஃபைக் கழற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கு உதவும். தூத்துக்குடியில் கடலை ஒட்டி வீடு. 2013 மாடல் சின்ன பெட்ரோல் கார், மேனுவல் கியர். ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் கழித்து வந்து பார்த்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. புது பேட்டரி போட்டதும் சரியானது. மூன்று வாரம் கழித்து இப்போது காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்டக்டக்' சத்தம் மட்டும்தான். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. சில நாள் நாலாவது தடவை எடுத்துவிடுகிறது, சில நாள் எடுப்பதே இல்லை. பார்த்த மெக்கானிக் "செல்ஃப் (இன்ஜினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) போச்சு, மாத்தணும்" என்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். செல்ஃப் போயிருக்கவே முடியாது என்று சொல்ல வரவில்லை, போயிருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறிகளில் செல்ஃப் என் பட்டியலில் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. முதல் இரண்டையும் பார்க்க ஒரு பத்து நம்பர் ஸ்பானரும், ஒரு சாதாரண மல்டிமீட்டரும், பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய ஜம்பர் கேபிளும் போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். "வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் அதற்குள் சம்பந்தமே இல்லாத இரண்டு நோய்கள் இருக்கின்றன. செல்ஃப் சுற்றவே இல்லை என்பது ஒன்று. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பற்றிக்கொள்ளவில்லை என்பது இன்னொன்று. செல்ஃப் சுற்றாத வண்டியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும், செல்ஃப் விர்ரென்று சுற்றுகிற வண்டிக்குப் பேட்டரி மாற்றுவதும் வயிற்று வலிக்குக் கண்ணில் மருந்து விட்ட கதைதான். போனில் யாராவது கேட்டால் நான் முதலில் "சாவியைத் திருப்பு, போனைப் பக்கத்தில் வை, சத்தம் கேக்கணும்" என்பேன். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

உங்களுடையது முதல் வகை. அதிலும் சத்தத்தைப் பொறுத்து வழி பிரிகிறது. ஒரு சத்தமும் இல்லையென்றால் செல்ஃபுக்கு உத்தரவே போகவில்லை: இக்னிஷன் சுவிட்ச், செல்ஃப் ரிலே, ஃப்யூஸ், கிளட்சை மிதித்தால்தான் எடுக்கும் வண்டியில் கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக்கில் கியர் லிவர் சுவிட்ச் என்று தேட வேண்டும் (ஆட்டோமேட்டிக்கில் 'பி'யில், அதாவது பார்க்கில், எடுக்காமல் 'என்'னில், அதாவது நியூட்ரலில், எடுத்தால் அந்த சுவிட்சேதான்). கனமாக ஒரே ஒரு 'டக்' கேட்டு அத்தோடு நின்றால் சோலனாய்டின் (செல்ஃபோடு சேர்ந்த மின்காந்த சுவிட்ச்) உள்ளே இருக்கும் செம்பு கான்டாக்ட் அரித்திருக்கும், கார்பன் பிரஷ் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்கும், இல்லையென்றால் இன்ஜினே இறுகியிருக்கும். உங்களுக்குக் கேட்பது போல வேகமாக 'டக்டக்டக்' என்று அடித்தால் செல்ஃபுக்கு உத்தரவு போகிறது, கரண்ட்தான் போதவில்லை.

அந்தச் சத்தம் ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. செல்ஃபின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சோலனாய்டுக்குள் இரண்டு சுருள்கள். ஒன்று பலமாக இழுக்கும், மற்றது இழுத்ததைப் பிடித்து வைத்திருக்கும். சாவியைத் திருப்பியதும் இரண்டும் சேர்ந்து உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கின்றன, தண்டு போய் இரண்டு கனத்த செம்புப் புள்ளிகளை இணைக்கிறது, அந்த நொடியில் மோட்டார் நூறு, நூற்றைம்பது ஆம்பியர் கரண்டை உறிஞ்சப் பார்க்கிறது. வழியில் எங்கேயாவது இடைஞ்சல் இருந்தால் அங்கேயே வோல்டேஜ் விழுந்துவிடும். பிடித்து வைக்கும் சுருளுக்குப் பலம் போதாது, தண்டு பின்னால் வந்துவிடும். மோட்டார் விலகியதும் வோல்டேஜ் திரும்ப ஏறும், சுருள் மறுபடி இழுக்கும், மறுபடி விழும். நொடிக்குப் பல தடவை நடக்கும் இந்தச் சண்டைதான் உங்கள் 'டக்டக்டக்'. இழுக்கிற சுருளின் கரண்ட் மோட்டாரின் பிரஷ் வழியாகத்தான் எர்த்துக்குப் போகும். ஆக, தண்டு ஒவ்வொரு தடவையும் இழுபடுகிறது என்றால் சோலனாய்டும் பிரஷும் ஓரளவுக்காவது உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம்.

இடைஞ்சல் எங்கே இருக்கலாம்? பேட்டரிக்குள்ளேயே இருக்கலாம், அதாவது சார்ஜ் இல்லை. அல்லது பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் நடுவில், போகிற வழியிலோ திரும்பி வருகிற வழியிலோ இருக்கலாம். திரும்பி வருகிற வழியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதுதான் எர்த்.

"ஹெட்லைட் பளிச்னு எரியுதே, அப்புறம் எப்படிக் கரண்ட் போதலைன்னு சொல்றீங்க?" என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வழியில் ஓர் இடத்தில் பூஞ்சை பூத்தது போலப் பச்சை பிடித்து 0.02 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். இது ஒன்றுமே இல்லாத அளவு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளந்தால் பூஜ்யம் மாதிரிதான் காட்டும். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 9 ஆம்பியர். 9-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 0.18 வோல்ட். இது குறைந்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. செல்ஃப் இழுப்பது 150 ஆம்பியர் என்றால் 150 பெருக்கல் 0.02, மூன்று வோல்ட். பன்னிரண்டு வோல்ட்டில் மூன்றை வழியிலேயே பறிகொடுத்துவிட்டு மோட்டார் எங்கே சுற்றும்? அதனால் லைட் எரிவதும் ஹாரன் அடிப்பதும் செல்ஃப் விஷயத்தில் எதற்குமே சாட்சி இல்லை.

ஆனால் ஹெட்லைட்டையே வைத்து இன்னொரு பரிசோதனை செய்யலாம், ஒரு பைசா செலவில்லை. இரவில் காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள் (சில வண்டிகள் கிராங்க் செய்யும்போது, அதாவது செல்ஃப் அடிக்கும்போது, ஹெட்லைட்டைத் தானாகவே அணைத்துவிடும், அப்படியென்றால் உள்விளக்கைப் பாருங்கள்). வெளிச்சம் மெழுகுவத்தி அளவுக்குச் செத்துப்போனால் பேட்டரியில் சரக்கு இல்லை, அல்லது பேட்டரி டெர்மினல் பிடிப்பு சரியில்லை. டக்டக் அடிக்கும்போதும் வெளிச்சம் கொஞ்சம் துடித்தாலும் பெரிதாக மங்கவில்லை என்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது, அதன் பாடி எர்த்தும் நன்றாக இருக்கிறது, செல்ஃபுக்கு மட்டும்தான் கரண்ட் போய்ச் சேரவில்லை. அப்போது இன்ஜின் எர்த் மேல் சந்தேகம் நன்றாக இறுகும். ஏனென்றால் ஹெட்லைட்டுக்கு எர்த் பாடி வழியாகக் கிடைக்கிறது, செல்ஃபுக்கு எர்த் இன்ஜின், கியர்பாக்ஸ் வழியாக. இன்ஜின் பாடியோடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை, ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரி மைனஸிலிருந்து கியர்பாக்ஸுக்குத் தனியாக ஒரு கேபிளோ பட்டையோ வருகிறது, அது ஒன்றுதான் செல்ஃபுக்கான பாலம்.

இதை எனக்குப் புரியவைத்தது பாளையங்கோட்டையில் நான் வேலை பழகிய ஆட்டோ எலக்ட்ரிக் கடை அண்ணாச்சி. ஒரு டீசல் கார் வந்தது. வேறு ஒரு பட்டறையில் பேட்டரி மாற்றி, செல்ஃபையும் மாற்றி, பிறகும் அதே டக்டக். ஓனர் புலம்பிக்கொண்டே இருந்தார். பேச்சுவாக்கில் "இது போதாதுன்னு ஆறு மாசத்துல ரெண்டு தடவ கிளட்ச் கேபிள் வேற போயிட்டு" என்றார். அண்ணாச்சி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை சாவியைத் திருப்பச் சொன்னார். நாலைந்து தடவை டக்டக் அடித்த பிறகு பானட்டுக்குள் கையை விட்டுக் கிளட்ச் கேபிளைத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கேபிள் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே இருந்த கறுப்பு உறை இளகிப் போயிருந்தது. எர்த் பட்டை செத்துப்போனதால் செல்ஃபின் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் போக வழியில்லாமல் அந்த மெல்லிய கிளட்ச் கேபிள் கம்பி வழியாகப் பாடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அடியில் படுத்துப் பார்த்தபோது பட்டை வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. லக் (கேபிள் முனையில் அடிக்கும் உலோக வளையம்) இருந்த இடத்தில் பிடித்து லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்புக் கம்பிக்குப் பதில் பச்சைப் பொடி. வெல்டிங் கேபிள் ஒரு முழம் வெட்டி, இரண்டு முனையிலும் லக் அடித்துப் போட்டதும் வண்டி முதல் திருப்பிலேயே எடுத்தது. பழைய செல்ஃபை அந்த ஓனர் என்ன செய்தாரோ, அதில் ஒரு குறையும் இருந்திருக்காது.

உங்கள் ஊர் தூத்துக்குடி என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். உப்புக்காற்று செம்பை விடுவதில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். 2023 டிசம்பர் மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த நாளில், உங்கள் கார் எங்கே நின்றது? தண்ணீருக்குள் நின்றது என்றால், அன்றைக்கு உலர்த்தி எடுத்து ஓட்டியிருந்தாலும், லக்குக்குள்ளேயும் கனெக்டருக்குள்ளேயும் புகுந்த ஈரம் பொறுமையாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஒன்றிரண்டு வருஷம் கழித்து இப்படித் தலைகாட்டும்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். கையில் மோதிரம், காப்பு, இரும்புப் பட்டை போட்ட வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஸ்பானர் பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டி, அதில் மோதிரமும் சேர்ந்துகொண்டால் மோதிரம் சிவந்துவிடும், விரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் சந்தேகம் எர்த் பட்டை மேல்கூட இல்லை, பேட்டரி டெர்மினல் மேல். பிரச்சினை வந்தது புது பேட்டரி போட்ட பிறகு, மூன்று வாரத்தில். நம் ஊரில் ஓடும் பேட்டரிகளில் தடித்த தலை, மெலிந்த தலை என்று இரண்டு அளவு இருக்கிறது. தடித்த தலைக்கான கிளாம்பை மெலிந்த தலையில் மாட்டி, நட்டை முழுக்க முடுக்கினாலும் உள்ளே ஆடிக்கொண்டேதான் இருக்கும். சிலர் நடுவில் ஒரு தகடு சொருகி, சிலர் கிளாம்பைச் சுத்தியால் தட்டி அனுப்பிவிடுவார்கள், மூன்று வாரம் குலுங்கி ஓடினால் தளர்ந்துவிடும். கிளாம்பைக் கையால் பிடித்துத் திருகுங்கள். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அது பிடிப்பே இல்லை. நகர்ந்தால் மைனஸை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ், மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துத் தெளித்தால் நுரைத்துக்கொண்டு போகும். நன்றாகத் துடைத்து, உப்புத்தாள் கொண்டு தலையையும் கிளாம்பின் உட்பக்கத்தையும் ஈயம் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி மாட்டிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். மாட்டும் முன்னால் பூசுவதைவிட மாட்டிய பிறகு பூசுவது நல்லது.

அப்புறம் பேட்டரி. இரவு முழுக்க நிறுத்திய வண்டியில் காலையில் பானட்டைத் திறந்து, வேறு எதையும் தொடாமல் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து அளங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைய சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் காலிதான். வண்டியை ஓட்டிவிட்டு வந்த உடனே அளந்தால் 12.8, 13 என்று பொய் சொல்லும், மேல்மட்டச் சார்ஜ் அது, இறங்க நேரம் கொடுக்க வேண்டும். அடுத்து மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 9.6-க்கு மேலே நின்றால் பேட்டரி தேறும். 7, 6 என்று தொப்பென்று விழுந்தால் பேட்டரியில்தான் கோளாறு, புதுசு என்பதற்காக விட்டுவிடாதீர்கள், கடையிலேயே ஆறு மாதம் தூங்கிவிட்டு வந்த புதுசும் உண்டு. கிராங்க் செய்யும்போது 12 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு டக்டக் அடித்தால் கரண்ட் போகவே வழியில்லை என்று பேட்டரியே வாக்குமூலம் கொடுக்கிறது.

இனி எர்த். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸ் தலையின் நடுவில், கிளாம்பில் அல்ல, ஈயத் தலையில் குத்துங்கள். சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத சுத்தமான இரும்பிலோ அலுமினியத்திலோ வையுங்கள். சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நலம். டக்டக் அடிக்கும்போது எண் தாவிக்கொண்டிருக்கும், ஆனாலும் ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று எட்டிப் பார்த்தால் திருடன் அங்கேதான் இருக்கிறான். பிளஸ் பக்கமும் இதே மாதிரிதான், சிவப்பு பேட்டரி பிளஸ் தலையில், கறுப்பு செல்ஃபில் கனத்த கேபிள் வந்து சேரும் போல்ட்டில், அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

மீட்டர் இல்லையா, ஜம்பர் கேபிள் ஒன்றை மட்டும் எடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை கியர்பாக்ஸ் போல்ட்டிலும் நன்றாகக் கடிக்கவிட்டு (பெல்ட், ஃபேன் பக்கம் கேபிள் போகாமல்), கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியைத் திருப்புங்கள். விர்ரென்று சுற்றினால் எர்த் பட்டையை மாற்றுங்கள், கதை முடிந்தது. என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் செல்ஃபைக் கழற்றுவதே தவறு. வெயிலில் படுத்துக் கழற்றும் உழைப்பே பாவம்.

எர்த்தும் சரி, பேட்டரியும் சரி, செல்ஃப் போல்ட் வரை முழு வோல்டேஜும் வருகிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் அப்போது செல்ஃபைக் கழற்றலாம். அப்போதும் முழு செல்ஃபை மாற்ற அவசரப்படாதீர்கள். ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் செல்ஃப் உடம்பில் ஸ்பானர் கைப்பிடியால் இரண்டு தட்டு தட்டி, அதில் சுற்றிவிட்டால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்து கம்யூட்டேட்டரை (மோட்டார் தண்டில் இருக்கும் செம்பு உருளை) தொட முடியாமல் நிற்கிறது. பிரஷ் செட்டும், சோலனாய்டு கான்டாக்டும், புஷ்ஷும் மாற்றிக் கொடுக்க ஊருக்கு ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். புது செல்ஃபின் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். பெஞ்சில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, முதல் தடவை ஏன் பேட்டரி இறங்கியது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. வண்டி பூட்டி நிற்கும்போதும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் நினைவு என்று 20, 30 மில்லியாம்பியர் போய்க்கொண்டுதான் இருக்கும், 50 வரை சாதாரணம். 30 என்றால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-ஹவர் (ஏ.எச்.), பதினைந்து நாளில் கிட்டத்தட்ட 11. உங்கள் மாதிரிக் காரில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. புதுசாக இருந்தால் தாங்கும், நம் வெயிலில் நாலு வருஷம் வெந்து பாதிக் கொள்ளளவுக்கு இறங்கிய பேட்டரி தாங்காது. ஆக அன்றைக்குப் பேட்டரி மாற்றியது சரியாகவே இருக்கலாம். ஆனால் காலையில் அளக்கும்போது ஒவ்வொரு நாளும் 12.6-லிருந்து சரசரவென்று இறங்கிக்கொண்டே போனால் எங்கோ லீக் இருக்கிறது. மைனஸ் கேபிளைக் கழற்றி, கிளாம்புக்கும் பேட்டரி தலைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டி, கதவைச் சாத்தி, சாவியைத் தூரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள், வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கிப்போக அவ்வளவு நேரம் வேண்டும். மறந்தும் அப்போது சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். அரை ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-ஹவர் போகிறது, மூன்று நாளில் சமாதி. ஃப்யூஸை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள், எதை உருவும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த லைன்தான். என் அனுபவத்தில் குற்றவாளி பெரும்பாலும் வெளியே வாங்கிப் போட்டதுதான்: ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், ஜிபிஎஸ் ட்ராக்கர், நேரடியாக ஒயர் இழுத்த டேஷ்கேம். டிக்கி விளக்கும் உண்டு, மூடினால் தெரியாது, போனில் வீடியோ ஆன் செய்து உள்ளே வைத்து மூடிப் பாருங்கள்.

சார்ஜிங்கையும் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.5 வரை வர வேண்டும். 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் 'டைனமோ') வேலை செய்யவில்லை, 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. ஒன்றே ஒன்று: வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "ஆஃப் ஆகலைன்னா டைனமோ நல்லாருக்கு" என்று பார்க்கும் பழைய வித்தையை யாரையும் செய்ய விடாதீர்கள். அம்பாசடர் காலத்தில் அது செல்லும். இப்போது பேட்டரி விலகிய நொடியில் ஆல்டர்னேட்டரிலிருந்து எகிறும் வோல்டேஜ் ஈசியுவை (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரை) கொன்றுவிடலாம், அதன் விலையில் நாலு செல்ஃப் வாங்கலாம்.

அம்பாசடர் என்றதும் ஞாபகம் வருகிறது, அதில் முன்னால் ஓட்டை இருக்கும், இசட் வடிவக் கம்பியைச் சொருகிச் சுற்றினால் பேட்டரி இல்லாமலே உசுப்பிவிடலாம். 1912-இல் காடிலாக் காரில் மின்சார செல்ஃப் வந்தபோது அந்தக் கம்பிக்கு முடிவு ஆரம்பித்தது என்பார்கள், நம் ஊரில் அது சாக இன்னும் எழுபது எண்பது வருஷம் ஆனது.

இரண்டாவது வகை நோயை, அதாவது செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பற்றாத வண்டியை, உங்களுக்குத் தேவையில்லை என்றாலும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாவியை ஆன் வரை திருப்பினால் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி 'ஊய்ங்' என்று ஃப்யூயல் பம்ப் சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே பார்த்து (ரிலே மேல் எழுதியிருக்கும் நம்பர் ஒரே மாதிரி இருந்தால் ஹாரன் ரிலேயை எடுத்து மாற்றிச் சோதிக்கலாம்), அதற்குப் பிறகு பம்பைக் குறை சொல்லுங்கள். டேஷில் சாவி படம் வேகமாகச் சிமிட்டினால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு அமைப்பு) சாவியை அடையாளம் காணவில்லை, ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவியின் சி.ஆர். 2032 செல் தீர்ந்திருந்தால் பல மாடல்களில் சாவியையே பட்டனில் ஒட்டி அழுத்தினால் எடுக்கும். சூடாக இருக்கும்போது நின்று, அரை மணி ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் வண்டி கிராங்க் சென்சாரை (இன்ஜின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்வது) காட்டிக்கொடுக்கிறது. கிராங்க் செய்யும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சங்கூட அசையாமல் கிடந்தால் சந்தேகம் பலப்படும், ஸ்கேனரில் பெரும்பாலும் பி0335 என்று வரும். ஸ்டார்ட் செய்து உடனே அணைத்து, மறுபடி எடுக்காமல் பெட்ரோல் வாடை அடித்தால் பிளக் நனைந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள், இந்த நிலையில் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், காற்று மட்டும் போய் உலர்த்தும். எப்போதுமே பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், அரை நிமிஷம் விட்டு அடியுங்கள்.

பதினைந்து நாள் நின்ற வண்டியில் எலியை மறக்கவே கூடாது. பானட்டைத் திறந்ததும் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு, பஞ்சு, எலிப் புழுக்கை கிடந்தால் ஸ்கேனருக்கு முன்னால் டார்ச்சை எடுங்கள், இன்ஜெக்டர் ஒயரும் சென்சார் ஒயரும்தான் அதற்குப் பிடித்த இடம். புகையிலைக் கட்டு தொங்கவிடுவது, அந்துருண்டை போடுவது எல்லாம் வாசனை இருக்கும்வரைதான். வாரம் ஒருமுறை வண்டியை எடுத்து ஓட்டுவதுபோல் வராது.

டீசல் வண்டிக்காரர்களுக்கு: ஃபில்டர் மாற்றிய பிறகோ டேங்க் வற்றிய பிறகோ எடுக்கவில்லை என்றால் லைனில் காற்று, கை பம்பு இருந்தால் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். பழைய டீசல் மாதிரி இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திக் காற்று எடுக்கும் வேலை காமன் ரெயிலில் (உயர் அழுத்தத்தில் இயங்கும் புதுவகை டீசல்) கூடாது, அந்தப் பிரஷர் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது உங்கள் நிலைமைக்கு ஒத்துவரும், மேனுவல்தானே. சாவி ஆனில், இரண்டாவது கியர், கிளட்ச் மிதித்து, வேகம் வந்ததும் விடுங்கள். பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் இதுவும் நடக்காது, பம்புக்கும் ஈசியுவுக்கும் கரண்ட் வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் முயலவே வேண்டாம். ஜம்பர் போடுவதென்றால் சிவப்பு முதலில் செத்த பேட்டரி பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பு நல்ல பேட்டரி மைனஸில், கடைசி முனை செத்த வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி. கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், பேட்டரி மேலே ஹைட்ரஜன் வாயு இருக்கும், அதனால்தான் தள்ளி. கழற்றும்போது அப்படியே பின்னிருந்து முன்னாக. இதிலும் உங்களுக்கு ஒரு துப்பு கிடைக்கும், கடைசி முனையை இன்ஜினில் கடிக்கவிட்டால் உடனே எடுக்கிறது, பேட்டரி மைனஸிலேயே கடிக்கவிட்டால் எடுக்கவில்லை என்றால் மறுபடியும் அதே எர்த் கோளாறுதான்.

வெள்ளத்தில் நின்ற வண்டி மட்டும் விதிவிலக்கு. ஏர் ஃபில்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் சாவியையே தொடாதீர்கள், மைனஸைக் கழற்றிவிட்டு இழுத்துக்கொண்டு போங்கள். தண்ணீரை பிஸ்டன் அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும், இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பை எடுத்து வைக்காத இன்சூரன்ஸ் பாலிசியில் அதற்குப் பணம் கிடைப்பது பெரும்பாடு.

நாளைக் காலையில் வண்டியைத் தொடும் முன் மூன்று எண்கள் எடுத்து இங்கே எழுதுங்கள்: நின்ற நிலையில் பேட்டரி வோல்டேஜ், சாவியைத் திருப்பும்போது பேட்டரி வோல்டேஜ், சாவியைத் திருப்பும்போது இன்ஜினுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் வோல்டேஜ். கிளாம்பு கையால் ஆடுகிறதா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் சண்டை போட வேண்டாம், "ஒரு ரெண்டு நாள் பொறுங்கண்ணே" என்று மட்டும் சொல்லி வையுங்கள்.